மழைக்கு முன்பே தயாராகுங்கள்: ஊருக்கான பேரிடர் மருத்துவக் குழுவை மருத்துவர்கள் அமைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

புயலோ வெள்ளமோ வந்த மறுநாள் மருந்துப் பெட்டியோடு காரில் கிளம்பும் மருத்துவர்களுக்கு நம்மிடம் என்றுமே பஞ்சமில்லை. 2004 ஆழிப்பேரலையின்போது நாகப்பட்டினத்திலும், 2015 டிசம்பரில் சென்னையிலும், 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையேறிய வேதாரண்யம் பகுதியிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் அந்த மனசைப் பார்த்தோம். ஆனால் வெள்ளத்துக்குப் பின் மருந்தில்லாமல் உயிர் போகக்கூடியவர்கள் பெரும்பாலும் முகாம் வரிசையில் வந்து நிற்பவர்கள் அல்ல. டயாலிசிஸ் தவறியவர், இன்சுலின் தீர்ந்தவர், வலிப்பு மாத்திரை நனைந்துபோனவர், பிரசவ நாள் நெருங்கிய பெண், வீட்டில் ஆக்சிஜனோடு படுத்திருப்பவர் ஆகியோர்தான் அவர்கள். அவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பதை வெள்ளத்துக்குப் பிறகு தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே தன்னார்வ மருத்துவரின் உண்மையான வேலைக்காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும்போது பட்டியல், மருந்து, ஆள், அனுமதி நான்கும் கையில் இருக்க வேண்டும்.

இந்த வழிகாட்டி தமிழகக் கடலோர, ஆற்றோர வட்டாரங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஒரு வட்டாரத்துக்கு ஆறு முதல் பத்து மருத்துவர்கள் சேர்ந்தாலே போதும்.

முதல் படி: யாரோடு சேர்வது (ஜூன்)

தனியாகச் செய்யாதீர்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ன்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர். மருத்துவப் பக்கத்தில் உங்களுக்கு வேண்டியவர்கள் இருவர்: மாவட்ட சுகாதார அலுவலர், வட்டார மருத்துவ அலுவலர். ஆட்சியர் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு வருவது மட்டும் போதாது. வட்டார மருத்துவ அலுவலரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நேரில் பார்த்து, "மழை வந்தால் எந்த ஊர்களில் உங்களுக்கு ஆள் போதாது?" என்று கேளுங்கள். எங்கே உதவி செய்யலாம் என்று நீங்களே முடிவெடுத்துப் போனால் ஒரே கிராமத்தில் மூன்று முகாம்கள் நடக்கும், அடுத்த கிராமத்தில் ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு வெள்ளத்திலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். சாலை ஓரத்து ஊருக்கு எல்லோரும் வருவார்கள். வாய்க்கால் தாண்டிய ஊருக்கு யாரும் போக மாட்டார்கள்.

கடிதத்தோடு கொடுக்க வேண்டியவை: ஒவ்வொருவரின் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவுச் சான்று (பதிவு நடப்பில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்), சிறப்புத் துறை, ரத்த வகை, இரண்டு தொலைபேசி எண்கள், வாகனம் உண்டா, தொடர்ந்து எத்தனை நாள் வர முடியும். கடைசிக் கேள்விக்கு உண்மையான பதில் வேண்டும். "எப்போது வேண்டுமானாலும்" என்று எழுதுகிறவரை விட "சனி, ஞாயிறு மட்டும்" என்று எழுதுகிறவரை வைத்துத்தான் திட்டம் போட முடியும். தொழில்சார் காப்பீடு எடுத்திருப்பவர்கள், சொந்த கிளினிக்குக்கு வெளியே இலவசமாகச் செய்யும் சிகிச்சையையும் அது ஏற்கிறதா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிலாக நீங்கள் வாங்க வேண்டியது ஒன்று: குழுவை ஏற்று, பணிபுரியும் ஊர்களைக் குறிப்பிட்டு, அடையாள அட்டையோடு கூடிய ஓர் ஒப்புதல் கடிதம். தடுப்பு போட்ட சாலையில் காவலர் உங்களை உள்ளே விடுவது அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான்.

இரண்டாம் படி: பட்டியல் (ஜூலை)

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள்.

பட்டியலை வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்கும் ரத்த அழுத்த, நீரிழிவு நோயாளிகளின் விவரம் இருக்கிறது. கர்ப்பிணிகள் பிக்மி எண்ணோடு (கர்ப்பப் பதிவு எண்) கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் இருக்கிறார்கள். காசநோயாளிகள் விவரம் அரசின் காசநோய்ப் பதிவுத் தளமான நிக்ஷயில் உண்டு. இவற்றைத் தொகுக்கும் வேலை செவிலியருடையது, அவருக்கு உதவும் வேலை உங்களுடையது. பெயர்ப் பட்டியல் ஆரம்ப சுகாதார நிலையத்தை விட்டு வெளியே போகக்கூடாது. காசநோய், எச்.ஐ.வி., மனநலம் சார்ந்த பெயர்களை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடக்கூடாது.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே ஒரு கேள்வி: இவருக்கு எது நின்றால், எத்தனை நாளில் ஆபத்து?

டயாலிசிஸ் செய்பவருக்கு இரண்டு மூன்று நாள்தான். புயல் எச்சரிக்கை வந்ததும் ஒரு முறை முன்கூட்டியே செய்துகொள்ள அவரது மையத்தோடு இப்போதே பேசி வையுங்கள். இளநீர், வாழைப்பழம், தக்காளி, கீரை ஆகியவற்றில் பொட்டாசியம் அதிகம். இவற்றையும் உப்பையும் தவிர்த்து, நீரையும் அளந்து குடித்து மூன்று நாள் தாக்குப்பிடிப்பதற்கான உணவுத் தாளை வீட்டில் கொடுத்து வைக்க வேண்டும். நிவாரண முகாமில் அன்போடு வெட்டிக் கொடுக்கும் இளநீர் இவர்களுக்கு இதயத்தை நிறுத்தக்கூடியது. முகாம் பொறுப்பாளருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வகை நீரிழிவு உள்ளவருக்கு இன்சுலின் நின்றால் ஓரிரு நாளில் ஆபத்து. வலிப்பு மாத்திரை திடீரென நின்றால் சில நாட்களில் அடங்காத வலிப்பு வரலாம். வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வைத்திருப்பவருக்கு மின்சாரம் போன நிமிடத்திலிருந்தே கணக்கு. சுமார் 1,500 லிட்டர் கொள்ளும் பி வகை சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் பன்னிரண்டு மணி நேரம்தான் வரும். 7,000 லிட்டர் கொள்ளும் டி வகை, அதே வேகத்தில் இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரும். கஜாவுக்குப் பிறகு சில கிராமங்களில் மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. ஆகவே இவர்களுக்குச் சிலிண்டர் தீர்வல்ல, எச்சரிக்கை வந்ததும் மருத்துவமனைக்கு மாற்றுவதே தீர்வு.

கர்ப்பிணிகளில், புயல் வரும் நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பிரசவ நாள் உள்ளவர்களையும், ஏற்கெனவே சிசேரியன் ஆனவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்களையும் முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்ப்பது தமிழகத்தில் சுகாதாரத் துறை பழகிய நடைமுறை. இதில் சிக்கல் வருவது பயணத்தில் அல்ல, வீட்டில்தான். மூத்த குழந்தையை யார் பார்ப்பது, மாட்டை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு விடை இல்லாவிட்டால் அந்தப் பெண் கிளம்ப மாட்டார். ஜூலையிலேயே மாமியாரிடம், கணவரிடம் உட்கார்ந்து பேசினால் நவம்பரில் வண்டி வந்து நிற்கும்போது வாக்குவாதம் இருக்காது.

பட்டியலை மாதம் ஒருமுறை திருத்த வேண்டும், அக்டோபரிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை. அதில் ஒரு பிரதி காகிதத்தில், பிளாஸ்டிக் உறையில் இருக்க வேண்டும். கைப்பேசிக் கோபுரம் சாய்ந்த ஊரில் கைப்பேசியில் உள்ள பட்டியல் பயன்படாது.

மூன்றாம் படி: நோயாளியின் வீட்டுப் பை (ஆகஸ்ட்)

பட்டியலில் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஜிப் பை இருக்க வேண்டும். உள்ளே 14 நாள் மாத்திரை, மருந்துச் சீட்டின் நகல், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையின் நகல், ஒவ்வாமை இருந்தால் பெரிய எழுத்தில் அது. பழைய மாத்திரையை முதலில் சாப்பிட்டு, புதிதாக வாங்கியதைப் பையில் வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பை அப்படியே கிடந்து காலாவதியாகும்.

இன்சுலினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திறக்காத வயல் (மருந்துக் குப்பி) 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். திறந்த வயல் வெயில் படாத அறை வெப்பத்தில் பொதுவாக 28 நாள் தாங்கும். மின்சாரம் போனால் பதறி ஐஸ் கட்டி மேலேயே வைத்துவிடுகிறார்கள். உறைந்த இன்சுலின் கெட்டுப்போன இன்சுலின், உருகிய பிறகும் அதைப் பயன்படுத்தக் கூடாது. வயலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, சிறு மண்சட்டிக்குள் வைத்து, அதை ஈர மணல் நிரப்பிய பெரிய பானைக்குள் இறக்கி, ஈரத்துணியால் மூடினால் போதும். மழைக்காலக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் கோடையைப் போல் குளிராது, ஆனாலும் வெப்பம் ஏறாமல் காக்கும்.

இன்னொரு பெரிய ஆபத்து சிரிஞ்சு. நம் ஊரில் வயல்கள் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு. நன்கொடையாக வரும் பேனா குழல்களில் 100 யூனிட், அதற்கான சிரிஞ்சு ஆரஞ்சு மூடி. நூறு யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் "20" வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். பசியோடு இருக்கும் முகாமில் இது கொல்லும். இன்சுலினையும் அதற்குரிய சிரிஞ்சையும் ஒரே பையில் சேர்த்துக் கட்டித்தான் எதையும் கொடுக்க வேண்டும்.

நான்காம் படி: மருந்துப் பெட்டி (ஆகஸ்ட், செப்டம்பர்)

எத்தனை பேருக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு மருந்தாளுநர், பதிவுக்கு ஒருவர், ஊரை அறிந்த ஒருவர் என்று ஆறு பேர் கொண்ட குழு, ஆறு மணி நேரத்தில் சுமார் 150 பேரை ஒழுங்காகப் பார்க்கலாம். அதற்கு மேல் போனால் பார்ப்பது வைத்தியமாக இருக்காது, மாத்திரை விநியோகமாகிவிடும். மூன்று நாளுக்கு, அதாவது 450 பேருக்கு, வெளியுதவி இல்லாமல் தாங்கும் அளவு இது:

- பாரசிட்டமால் 500 மி.கி.: 2,000 மாத்திரை. குழந்தைகளுக்கான சிரப் 60 பாட்டில்
- ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் பொட்டலம்: 250. துத்தநாகம் 20 மி.கி.: 250 மாத்திரை
- அம்லோடிபின் 5 மி.கி.: 700. மெட்பார்மின் 500 மி.கி.: 900
- டாக்சிசைக்ளின் 100 மி.கி.: 700. அமாக்சிசிலின் 500 மி.கி.: 450
- செட்ரிசின் 10 மி.கி.: 300. குளோட்ரிமசோல் களிம்பு: 60 டியூப்
- சால்பியூட்டமால் இன்ஹேலர்: 10 (ஸ்பேசர் இல்லையென்றால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் அளவுக்குத் துளையிட்டுப் பயன்படுத்தலாம்)
- ரிங்கர் லாக்டேட் 500 மி.லி.: 20, செட், கேன்யுலாவோடு
- அட்ரினலின் 1 மி.கி. ஆம்பூல்: 10. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ்: 5. டயஸிபாம் ஊசி: 10
- குளுக்கோமீட்டர், ஸ்டிரிப் 100. பி.பி. கருவி 2 (ஒன்று மின்கலம் இல்லாமல் இயங்கும் வகை)
- காயம் கழுவ நார்மல் சலைன், கட்டுத்துணி, கையுறை, பயன்படுத்திய ஊசிகளைப் போட்டு வைக்கத் துளைபடாத வெள்ளைப் பெட்டி

புதிதாகச் சேருகிறவர்கள் ஆன்டிபயாடிக்கை அதிகமாகவும் நாள்பட்ட நோய் மாத்திரையைக் குறைவாகவும் எடுத்து வருவார்கள். வெள்ளத்துக்கு இரண்டு நாள் கழித்து வரிசையில் நிற்பவர்களிடம் கேட்டால், "பி.பி. மாத்திரை தண்ணியில போயிடுச்சு டாக்டர்" என்பதுதான் பலர் சொல்வது. சேற்றுப்புண் களிம்பும் எவ்வளவு கொண்டுபோனாலும் தீர்ந்துவிடும்.

சாம்பிள் மருந்துகளை வாங்காதீர்கள். ஒரு ஸ்டிரிப் இது, அரை ஸ்டிரிப் அது என்று மூட்டையில் வருவதைப் பிரிக்க ஒரு மருந்தாளுநர் நாள் முழுக்க உட்கார வேண்டும். ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் குவிந்த சுமார் 4,000 டன் நன்கொடை மருந்தில் பெரும்பகுதி உள்ளூரில் யாரும் படிக்க முடியாத மொழியில் இருந்தது, நூற்றுக்கணக்கான டன்னை அழிக்க வேண்டியதாயிற்று. நன்கொடை தர விரும்புகிறவர்களிடம் மேலே உள்ள பட்டியலைக் கொடுத்து, வந்து சேரும் நாளில் குறைந்தது ஒரு வருடம் காலாவதி மிச்சம் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவது. தனியார் குழு அதை எடுக்க முடியாது. ஆனால் முகாமை நிலையத்தின் பெயரில் நடத்தினால் அவர்களது இருப்பிலிருந்தே பாதி வந்துவிடும். முதல் படி ஏன் முக்கியம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெட்டி என்றால் அட்டைப்பெட்டி வேண்டாம். மூடி இறுகும் பிளாஸ்டிக் டிரம் இரண்டு. தரைத்தளத்தில் வைக்காதீர்கள். பாம்புக்கடி விஷமுறிவு மருந்தும் டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா) தடுப்பூசியும் இந்தப் பட்டியலில் இல்லை, கவனித்தீர்களா? அவை நிலையத்தின் குளிர்சாதனத்திலேயே இருக்கட்டும். எந்த நிலையத்தில் எத்தனை வயல், ஜெனரேட்டர் உண்டா, அது வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்பதை மட்டும் செப்டம்பரில் எழுதி வையுங்கள்.

ஐந்தாம் படி: ஊர்க்காரர்களுக்குப் பயிற்சி (செப்டம்பர்)

முதல் சில மணி நேரம் மருத்துவர் யாரும் வந்து சேர முடியாது. 2023 டிசம்பர் 17-18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அப்படிப்பட்ட இரவில் பக்கத்து வீட்டுக்காரர்தான் மருத்துவர். வருவாய்த் துறையின் முதல்நிலைப் பொறுப்பாளர்கள், ஆப்த மித்ரா என்ற பேரிடர் தன்னார்வலர் திட்டத்தில் பயிற்சி பெற்றவர்கள், மீனவ இளைஞர்கள், சுயஉதவிக் குழுப் பெண்கள் ஆகியோரைப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராக அழைத்து இரண்டு மணி நேரம் கற்றுக்கொடுங்கள். படக்காட்சி வேண்டாம், கையால் செய்ய வையுங்கள்.

கற்பிக்க வேண்டியவை நான்கு. ரத்தம் வழியும் இடத்தில் அழுத்திப் பிடிப்பது. அறுந்த மின்கம்பியைத் தொட்டவரைத் தொடாமல் மின்சாரத்தை நிறுத்துவது. மூன்றாவது, நீரில் மூழ்கியவருக்குச் சி.பி.ஆர். இதில் நெஞ்சை அமுக்குவது மட்டும் போதாது. மூழ்கியவருக்குக் குறைவது ஆக்சிஜன்தான், அதனால் முதலில் மூச்சு கொடுத்துவிட்டு, பிறகு 30 அமுக்கம், 2 மூச்சு என்று தொடர வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் தலைகீழாகச் சுற்றுவதும் நேரத்தை வீணடித்து, உணவை நுரையீரலுக்கு அனுப்பும்.

நான்காவது பாம்புக்கடி. வெள்ளத்தில் வளை மூழ்கிய பாம்பு, நாம் ஏறி நிற்கும் அதே மேட்டுக்குத்தான் வரும். கடித்த கையையோ காலையோ அசையாமல் கட்டை வைத்துக் கட்டி, மோதிரம், கொலுசு, வளையலைக் கழற்றி, 108-க்குச் சொல்ல வேண்டும். இறுக்கிக் கட்டக்கூடாது, கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது. கட்டுவிரியன் கடி பல நேரம் வலிக்காது. தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்து, இமை தொங்கினால் அதைப் பாம்புக்கடி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். "கடித்த தடமே இல்லையே" என்று காத்திருப்பதில்தான் உயிர் போகிறது. 2024 நவம்பர் முதல் தமிழகத்தில் பாம்புக்கடி அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய் என்பதால், நீங்கள் பார்த்த ஒவ்வொன்றையும் பதிய வேண்டும்.

மருத்துவர்களுக்கும் ஒத்திகை தேவை. ஒரு ஞாயிறு காலை, 25 பேருக்குக் காயச்சீட்டு கழுத்தில் மாட்டி, அவசர வரிசைப்படுத்தலைப் பழகுங்கள். நடக்க முடிந்தவர் பச்சை. மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல், அல்லது மணிக்கட்டில் நாடி இல்லை, அல்லது சொன்னதைச் செய்யத் தெரியவில்லை என்றால் சிவப்பு. மூன்றும் சரியாக இருந்து நடக்க மட்டும் முடியாதவர் மஞ்சள். காற்றுவழியைத் திறந்த பிறகும் மூச்சில்லை என்றால் கறுப்பு. ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் கூடாது. அனுபவம் மிக்க மருத்துவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுவார்கள். முதல் நோயாளியிடமே நின்று முழு வைத்தியம் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள், அவருக்குப் பின்னால் ரத்தம் வழிபவர் காத்திருப்பார்.

ஆறாம் படி: எச்சரிக்கை முதல் கரையேறும் வரை

வானிலை மையம் எச்சரிக்கை கொடுத்த அன்றே மூன்று வேலை. பட்டியலில் உள்ளவர்களை இடம் மாற்றுவது, டிரம்மைப் பாதுகாப்பான மாடிக்கு ஏற்றுவது, கைப்பேசி இயங்காவிட்டால் எங்கே எத்தனை மணிக்குக் கூடுவது என்று முடிவு செய்வது. "காற்று நின்ற மறுநாள் காலை 8 மணி, ஆரம்ப சுகாதார நிலையம்" என்பது போல இடமும் நேரமும் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மருத்துவ ஆலோசனைக்கு 104.

உங்கள் குடும்பம் பாதுகாப்பாக இல்லையென்றால் நீங்கள் வரக்கூடாது. உங்களுக்கான டி.டி., ஹெபடைடிஸ் பி, டைபாய்டு தடுப்பூசிகள் செப்டம்பரிலேயே முடிந்திருக்க வேண்டும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் மாட்டும் டார்ச், இரண்டு நாள் சாப்பாடு, தண்ணீர் உங்களுடையது. நிவாரண முகாமின் சாப்பாட்டு வரிசையில் மருத்துவர் நிற்கக்கூடாது.

ஏழாம் படி: களத்தில்

வந்ததும் வைத்தியம் தொடங்காதீர்கள். முதல் ஒரு மணி நேரம் தண்ணீரையும் கழிப்பறையையும் பாருங்கள். ஒருவருக்கு நாளுக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட குறைந்தபட்ச அளவு. முதல் நாட்களில் 50 பேருக்கு ஒன்றாவது வேண்டும்.

கிணற்றில் குளோரின் கலப்பதைச் சுகாதார ஆய்வாளரோடு சேர்ந்து செய்யுங்கள். விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 3.14-ஆலும் பெருக்கி, நான்கால் வகுத்தால் கன மீட்டர் வரும். 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் நீர் என்றால் சுமார் 28,000 லிட்டர். தெளிந்த நீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர், ஆக 70 கிராம். வெள்ளம் புகுந்த கிணற்றில் இது போதாது. சேறும் அழுகலும் குளோரினை விழுங்கிவிடும். முடிந்தவரை இறைத்துவிட்டு, இருமடங்கில் தொடங்குங்கள். பவுடரை வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, முக்கால் வாளிக்கு நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, அந்த வாளியை நீருக்குள் இறக்கி மேலும் கீழுமாக ஆட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மீதக் குளோரின் லிட்டருக்கு 0.5 மி.கி. இருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி. மேல்நிலைத் தொட்டி என்றால் தொட்டியடியில் சோதிப்பதோடு நிறுத்தாமல் கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் சோதியுங்கள், அங்கே 0.2-க்குக் குறையக்கூடாது. அளவு சரியாகப் போட்டும் குளோரின் வரவில்லை என்றால், பெரும்பாலும் மூட்டை திறந்து கிடந்து பவுடர் வீரியம் இழந்திருக்கும்.

முகாமை ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி அமையுங்கள். நுழைவாயிலிலேயே ஓ.ஆர்.எஸ். மூலை: சுத்தமான தண்ணீர், லிட்டர் அளவுக் குடுவை, டம்ளர், ஒரு தன்னார்வலர். பொட்டலத்தைப் பாதி பாதியாகக் கலக்கக் கூடாது, முழுப் பொட்டலம் ஒரு லிட்டருக்கு. நீரிழப்பு உள்ள குழந்தைக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 75 மி.லி. வீதம் நான்கு மணி நேரத்தில், கரண்டி கரண்டியாக. துத்தநாகம் ஆறு மாதத்துக்கு மேல் 20 மி.கி., அதற்குக் கீழ் 10 மி.கி., 14 நாள். வயிற்றுப்போக்கு நின்றதும் தாய் நிறுத்திவிடுவார் என்பதால் காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

வெள்ள நீரில் பட்ட காயத்தைத் தைக்காதீர்கள். பார்க்கச் சுத்தமாக இருந்தாலும் உள்ளே மணலும் சாக்கடையும் இருக்கும், மூடினால் மூன்றாம் நாள் சீழ். நிறைய நீரால் கழுவி, செத்த தசையை அகற்றி, திறந்தே கட்டுப் போட்டு, மூன்று முதல் ஐந்து நாளில் சுத்தமாக இருந்தால் தையுங்கள். டி.டி. கொடுங்கள். முன்பு தடுப்பூசி முழுமையாகப் போடாதவரின் அழுக்கான காயத்துக்கு டெட்டனஸ் இம்யூனோகுளோபுலினும் வேண்டும், அதற்கு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

எலிக்காய்ச்சல் தடுப்புக்கு டாக்சிசைக்ளின் 200 மி.கி. வாரம் ஒருமுறை, வெள்ள நீரில் இறங்கி வேலை செய்பவர்களுக்கு, அதிகபட்சம் ஆறு வாரம். தூய்மைப் பணியாளர்கள் முதலில். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கும் கூடாது. சாப்பிட்ட பிறகு, டம்ளர் நிறையத் தண்ணீரோடு, உடனே படுக்காமல். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும், அடுத்த வாரம் வாங்க வரமாட்டார்கள்.

மூன்றாம் நாள் ஒருவர் கை நடுங்கி, வியர்த்து, இல்லாத உருவங்களைப் பார்த்துப் பேசினால் "அதிர்ச்சி" என்று விட்டுவிடாதீர்கள். கடை மூடியதால் குடி நின்றவராக இருக்கலாம், அது உயிருக்கு ஆபத்து. டயஸிபாமும் தயமினும் கொடுத்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள். உறவை இழந்தவரிடம் நடந்ததை விவரிக்கச் சொல்லித் தூண்ட வேண்டாம். அருகில் உட்கார்ந்து, அவர் சொன்னால் கேட்டு, வேண்டிய உதவியோடு இணைத்துவிடுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416.

நோயாளியைப் படம் எடுக்காதீர்கள், எடுக்க விடாதீர்கள். மருந்துக்கு வந்தவரின் முகம் யாருடைய பதாகைக்கும் உரியதல்ல.

எட்டாம் படி: கணக்கும் காலமும்

ஒவ்வொரு நோயாளிக்கும் பெயர், வயது, தெரு, நோய், மருந்து, உங்கள் பதிவு எண் கொண்ட சீட்டு. மாலையில் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், மஞ்சள் காமாலை, பாம்புக்கடி, காயம் என்று ஐந்து எண்களைத் தெருவாரியாகச் சுகாதார ஆய்வாளரிடம் கொடுக்க வேண்டும். பெரியவர் ஒருவர் அரிசி கழுவிய நீர் போல வயிற்றுப்போக்கில் சுருண்டு வந்தால் மாலைவரை காத்திருக்க வேண்டாம், உடனே சொல்லி, ஆன்டிபயாடிக் கொடுக்கும் முன் மலமாதிரி எடுங்கள்.

தன்னார்வலர்கள் பெரும்பாலும் முதல் வாரம் வந்து இரண்டாம் வாரம் போய்விடுகிறார்கள். நோயோ அந்த வரிசையில் வருவதில்லை. முதல் நாட்களில் காயம், பாம்பு, மின்சாரம். அதே வாரத்திலேயே வயிற்றுப்போக்கு. எலிக்காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில். டெங்கு, நீர் வடிந்து டயரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் தெளிந்த நீர் தேங்கிய பிறகு, மூன்றாம் நான்காம் வாரத்தில். ஹெபடைடிஸ் ஏ வெளிப்பட ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். எனவே பத்து மருத்துவரும் ஒரே நாளில் போகாதீர்கள். இருவர் இருவராகப் பிரித்து, ஐந்து வாரத்துக்கு அட்டவணை போடுங்கள். ஒருவர் தொடர்ந்து ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம்.

திரும்பும்போது நாள்பட்ட நோயாளிகளின் சீட்டுகளைச் செவிலியரிடம் ஒப்படையுங்கள், ஊசிப் பெட்டியையும் மருத்துவக் கழிவு போட்ட மஞ்சள் பையையும் நிலையத்துக்கே எடுத்துச் செல்லுங்கள். ஜனவரியில் டிரம்மைத் திறந்து, ஆறு மாதத்துக்குள் காலாவதியாகும் மருந்தை நிலையம் ஏற்றுக்கொண்டால் அங்கேயே கொடுத்து இந்த வருடமே பயன்பட விடுங்கள். பட்டியலில் யார் விட்டுப்போனார்கள், யார் வீட்டுக்கு வண்டி போக முடியவில்லை என்பதை அதே மாதத்தில் எழுதி, ஜூன் கூட்டத்துக்கு வட்டார மருத்துவ அலுவலரிடம் கொடுத்துவிடுங்கள்.